அப்பாவின் கோட்டு ஏறிய கப்பல்

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளி மைதானத்துக்கு ஒரு கப்பல் வந்தது. வந்த கப்பல் கரைக்கு வரவில்லை. வரக் கூடாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மதராஸ் கரைக்கு எந்தப் பெரிய கப்பல்தான் வந்தது? தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையில் குதித்துக் குதித்துப் போய்ச் சரக்கையும் துரைமார்களையும் இறக்கிக்கொண்டு வரும். சமூக அறிவியல் மிஸ்ஸுக்கு இதை எடுத்துச் சொன்னதே நான்தான். அவர் முதலில் கப்பலை மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பார்த்தார்.

"மிஸ், அங்க நின்னா தரை தட்டிடும் மிஸ்."

கப்பல் வேப்பமரத்தடிக்குப் போனது. இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். அன்று நான் அளந்ததில் பாதி தப்பு என்று தெரிகிறது. கப்பல் விஷயம் மட்டும் சரி.

அது ஆண்டுவிழா நாடகம். வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகத்தில் ஒரு நாள் வியாபாரம், அவ்வளவுதான் கதை. நூலகத்தைக் குடைந்து முக்கால்வாசி விஷயத்தை நான்தான் சேர்த்தேன். கேப்டன் வேஷம் எனக்கே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் கோட்டு எங்கள் வீட்டில் இருந்தது.

அப்பா கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. தினமும் நீலச் சட்டைதான். வெளிநாட்டு ஆட்கள் வரும் நாளிலும் கொடியேற்றும் நாளிலும் மட்டும் கருநீலக் கோட்டு: இரண்டு வரிசை தங்க நிறப் பொத்தான், தோளில் முறுக்கிவிட்ட வெள்ளைக் கயிறு, கூடவே ஒரு தொப்பி. ஒருமுறை சாப்பாட்டுப் பை கொண்டுபோனபோது அப்பாவை அந்தக் கோட்டில் பார்த்தேன். ஒரு கார் வந்தது. அப்பா குதிகாலைச் சேர்த்து சல்யூட் வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை, அசைந்ததா இல்லையா என்கிற அளவுக்கு, லேசாக அசைந்தது.

"பாத்தியா பாப்பா, பெரியவரு தலை ஆட்டுனாரு. எல்லாரும் ஆட்ட மாட்டாங்கோ" என்றார் அப்பா.

கோட்டைக் கேட்டபோது அம்மாதான் எகிறினாள். "கம்பெனி துணிய எட்த்துக்கினு போயி கூத்தாடப் போறியா? ஒரு பொத்தான் பூட்ச்சின்னா யாரு பதில் சொல்றது?" அப்பா கோட்டை உறையிலிருந்து எடுத்தார், பொத்தானை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், என் கையில் கொடுத்தார்.

அடுத்த நாள் மிஸ் அதை வாங்கி என் பெரியப்பா மகனுக்கு மாட்டிவிட்டார்.

அவனும் என் வகுப்புதான். என்னைவிடச் சில மாதம் மூத்தவன். பெரியப்பாவுக்கு எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை. லாரிக்காரர்களுக்கு டீ கூவிக் கூவி அவன் தொண்டை ஒலிபெருக்கியாகிவிட்டிருந்தது. எனக்கு முழங்கால்வரை தொங்கிய கோட்டு அவன் தோளில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

"கேப்டனுக்கு உயரமும் தொண்டையும் வேணும்டி. உனக்கு வாய்தானே ஜாஸ்தி? நீ துபாஷி" என்றார் மிஸ்.

துபாஷி என்றால் துரை பேசுவதை நம்மவர்களுக்கும் நம்மவர்கள் பேசுவதைத் துரைக்கும் சொல்லி, நடுவில் நின்று வியாபாரத்தை முடித்துத் தருகிற ஆள். அதாவது அவன் பின்னாடியே நான் நடக்க வேண்டும்.

"இன்னா துபாஷி, சலாம் வெக்க மாட்டியா?" என்றான் அவன், பொத்தானைத் தடவிக்கொண்டே.

"எங்கப்பா கோட்டுக்கு வோணா வெக்கிறேன். உனுக்கு இல்ல."

வீட்டில் அழுதேன். அப்பா என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், "அவன் தோளுக்கு நல்லா நிக்கும் பாப்பா" என்றார். விழா அன்று காலையில், "கோட்டு எத்தினி மணிக்கு மேடைக்கு வருது?" என்று கேட்டார். நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்கவில்லை.

நீலப் புடவைகளைப் பிடித்து ஆட்டிய பெண்கள்தான் கடல். கட்டுமரக்காரன் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு அலையைத் தாண்டினான். அந்தக் காலத்தில் அது நனையாமல் கப்பலுக்குப் போய்ச் சேருமாம். எங்கள் கடிதம் தொப்பியோடு புடவைக்குள் விழுந்து காணாமல் போனது. பிறகு கேப்டன் இறங்கினான். துரைகளின் கால் நனையாமல் படகுக்காரர்கள் தோளில் சுமந்து கரை சேர்ப்பார்கள். அதையும் நான்தான் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு பையன்களின் தோளில், எங்கப்பா கோட்டில், வெயிலுக்குப் பொத்தான் பளபளக்க அவன் மிதந்து வந்தான். நான் பக்கத்தில் ஓடிவந்தேன்.

துணி வியாபாரியிடம் விலை பேசியது நான். கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் விலையைக் குறைத்தது நான். கால்வாய்ப் படகில் வந்த உப்பு மூட்டையைத் தராசில் ஏற்றவைத்ததும் நான். அவன் இடுப்பில் கைவைத்துச் சும்மா நின்றான். கைதட்டல் அவனுக்கு.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த நேரம் பார்த்து அவன் கடைசி வசனத்தை ஆங்கிலத்தில் முழங்கினான். இருநூறு கட்டுத் துணி வேண்டும், நாளைக்கே கப்பல் புறப்பட வேண்டும் என்பது அதன் பொருள். நான் வியாபாரிகள் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தேன்.

"தொரைக்கு வயித்தால போவுதாம். சீக்கிரம் ஒரு எடம் காட்டச் சொல்றாரு."

மைதானமே அதிர்ந்தது. அவன் ஒரு கணம் முழித்தான். தொலைந்தான் என்று நினைத்தேன். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஓ நோ! ஓ நோ!" என்று ஆங்கிலத்திலேயே அலறி, உப்பு மூட்டையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான். தலைமை ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவனைக் கவிழ்க்கப் போய் நானே அவனைத் தூக்கி உச்சாணியில் உட்காரவைத்துவிட்டேன்.

ஓடியவன் சட்டென்று நின்றான். கோட்டைத் தட்டிவிட்டான். தொப்பியைச் சரிசெய்து நெஞ்சை நிமிர்த்தினான். மாலுமிகள் சல்யூட் வைத்தார்கள். நாடகத்தில் எழுதியிருந்தது அவ்வளவுதான். ஆனால் படகுக்காரர்களும் வைத்தார்கள், வியாபாரிகளும் வைத்தார்கள், கடலே புடவையைக் கீழே போட்டுவிட்டு வைத்தது. முன்வரிசைக் குட்டிப் பிள்ளைகள் எழுந்து நின்று வைத்தார்கள். தலைமை ஆசிரியரும் விளையாட்டாகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். வைக்காதது நான் மட்டும்தான் என்று நினைத்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் இன்னொருவரும் வைக்கவில்லை. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிற வழியில், நீலச் சட்டையோடு நின்றிருந்த என் அப்பா. சல்யூட் வைப்பதையே வேலையாகக் கொண்ட மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நான் கையை ஆட்டிப் பார்த்தேன். என் பக்கம் திரும்பவேயில்லை. அவனையே பார்த்தபடி, லேசாகத் தலையை அசைத்தார்.

நான் முதல் ரேங்க் வாங்கி வந்த நாளில்கூட எனக்கு அப்படி ஒரு தலையசைப்பு கிடைத்ததில்லை.

மறுநாள் காலையில் அப்பா ஈரத்துணியால் கோட்டைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைமை வாத்தியாருகூட வெச்சாரு, பாத்தியா?"

"அவனுக்குத்தான வெச்சாங்கோ" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஆமாமா, அவனுக்குத்தான்" என்று சிரித்தபடியே ஜிப்பை இழுத்து மூடினார்.

பெரியப்பா மகனை மெச்சிக்கொள்கிறார் என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அதே தலையசைப்பைக் கம்பெனி கேட்டில், கார்க் கண்ணாடிக்குப் பின்னால் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.