டிரைவில் விழுந்த குங்குமம்

அப்பாவின் பழைய கணினியில் ஃப்ளாப்பி டிரைவ் கரகரத்தது. சிறுவயதில் கரமனை வீட்டில் கேட்ட அதே சத்தம். அங்கே ஒரு சரஸ்வதி பூஜையன்று அம்மா அதன் வாயருகே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் டிரைவ் ஓடவில்லை.

பழுதுபார்க்க வந்த மலையாளி அதைத் திறக்காமலேயே சிரித்தார். "மாமி, குங்குமம் தின்னா இது எங்ஙனெ வாசிக்கும்?"

அப்பாவும் நானும் சேர்ந்து சிரித்தோம். அம்மா முகம் சிவந்து அடுக்களைக்குள் போனாள். அதன்பின் எந்தப் பூஜைக்கும் மிக்ஸிக்குக்கூடப் பொட்டு வைத்ததில்லை.

இன்று டிரைவைக் கழற்றினேன். உள்ளே குங்குமம் துளியும் இல்லை. ஃப்ளாப்பியிலிருந்து உரிந்த லேபிள் ஒன்று சுருண்டு சிக்கியிருந்தது. அதில் அப்பாவின் கையெழுத்து. அந்தப் பூஜைக்கு முந்தைய நாள் தேதி.

தலை நிமிராமல் அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"அவர்தான் போயிட்டாரே. குங்குமம்னே இருக்கட்டும்டா."