புளித்துக் கிடந்த காடு

என் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. காய்ந்த மஞ்சள் நிறத்தில், ஒவ்வொன்றாகக் கிழித்து எடுக்கிற தாள்கள். மூன்றுதான் பாக்கி. அட்டையில் சிவப்பில் ஆரம்பித்துப் பச்சை வழியாகக் கருநீலம் வரைக்கும் கட்டம் கட்டமாக நிறம் போட்டிருக்கும். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்த என் கொழுந்தனார் கொடுத்தது. சாயத் தொட்டியில் புளிப்பு எவ்வளவு, சோடா எவ்வளவு என்று இந்தத் தாளை முக்கித்தான் பார்ப்பார்களாம்.

அவரோடு எனக்கு அப்போது நல்ல பேச்சு கிடையாது. மூலனூர்ப் பக்கம் மேட்டில் இருக்கிற மானாவாரிக் காட்டை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பிரித்தபோது, அவர் தன் பாதியை விற்றுவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போனார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் பாதியை ஒற்றை ஆளாக நான்தான் பார்த்தேன். அந்த மிதப்பு எனக்கு உண்டு. அவர் கையில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம் ஏறியிருக்கும். நோம்பி, பண்டிகைக்கு வந்தால் சோறு போடும்போதே, "அந்தக் கையில காட்டு மண்ணு இனி ஒட்டாதுங்க கொழுந்தனாரே" என்பேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் நீலங்க நங்கையா. அடுத்த வாரம் செவப்பு வருது, அப்பப் பாக்கலாம்" என்பார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கோபமே வராது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

மூன்று வருசமாகக் கடலைக்காய் என்னை ஏமாற்றியது. செடி பிடுங்கினால் காய் இருக்கும், உடைத்தால் உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு. மழை பெய்யவில்லை என்றால் மழையைத் திட்டலாம். அந்த வருசங்களில் எங்கள் பக்கத்துக்கு வேண்டிய மழை பெய்துதான் இருந்தது. நல்லூரில் வாடகைக் கட்டடத்தில் தையல் யூனிட் வைத்திருந்த என் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஒரு கைப்பிடி பொக்கை உடைத்துப் போட்டுவிட்டு, "மண்ணு செத்துப் போச்சும்மா. வித்துப்போட்டா நாலு ஓவர்லாக் மெஷின் இறக்கீருவேன்" என்றான். வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தான். விற்றால் நான் நல்லூரில் அவன் வீட்டு மாடி அறையில் போய் உட்கார வேண்டியதுதான்.

அடுத்த தடவை கொழுந்தனார் வந்தபோது, யாரும் கேட்காமலே காட்டு மண்ணை ஒரு டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளிய வைத்தார். பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முக்கினார். மஞ்சள் தாள் ஆரஞ்சாக மாறியது. அட்டையோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "புளிச்சுப் போய்க் கிடக்குதுங்க நங்கையா" என்றார்.

"புளிக்கறதுக்கு இதென்ன தோசை மாவுங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வருசா வருசம் நான் மூட்டை மூட்டையாகப் போட்ட சல்பேட் உரம்தான் புளிப்பை ஏற்றியது என்றார். களிமண் என்றால் கொஞ்சம் தாங்கும், இது செம்மணல், தாங்காது, காய்க்குள் பருப்பு பிடிக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதுவும் இதில் இல்லை என்றார். "சுண்ணாம்பு போடுங்க, சரியாகும்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளத்துக் காடுகளில் ஏர் ஓட்டினாலே சுக்காங்கல் வெள்ளை வெள்ளையாக மேலே வரும். சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லாத ஊரில் என் காடு மட்டும் புளிக்குமா? ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

தப்பு அங்கேதான் நடந்தது. சுண்ணாம்பு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், செவுத்துக்கு அடிக்கிறது. காளவாய்க்கு ஆள் அனுப்பிச் சுட்ட சுண்ணாம்பு வாங்கி, தண்ணீர் விட்டு நீற்றி, ஆடிப் பட்டத்தில் விதைக்கிற அன்றைக்கே சால் சாலாகப் போட்டேன். கூடவே வழக்கம்போலச் சல்பேட்டும். இரண்டும் சேர்ந்து காட்டில் ஒரு நெடி கிளம்பியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. முளைத்ததில் பாதி கருகிப் போனது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "என்னுங்க, காட்டுக்கு வெள்ளை அடிச்சுப் போட்டீங்க, இந்த வருசம் பொங்கல் ஆடியிலயே வருதுங்களா?" என்றார். சேதி கேட்டு வந்த கொழுந்தனாரிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்க பங்கை வித்தீங்க, எம்பங்கை வேக வெச்சுப்போட்டீங்க."

அவர் கருகின சாலில் குத்தவைத்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "நான் சொன்னது சுடாத சுண்ணாம்புக் கல்லுப் பொடிங்க. சுண்ணாம்புன்னு மட்டும் சொன்னது என் தப்புத்தான்" என்றார். தப்பு பாதி என்னுடையது. கேட்டுக்கொண்டு செய்திருக்கலாம். அதை நான் சொல்லவில்லை.

மகனிடம் இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை கேட்டேன். "அதுவும் பொக்குன்னா நீயே வந்து கையெழுத்துப் போடணும்" என்றான். சரி என்றேன். கோடை உழவுக்கு முன்னால் கொழுந்தனார் ஒரு டெம்போவில் கல்லுப் பொடி கொண்டுவந்தார். பனியன் கழிவுத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஊர் எழுவதற்கு முன்னால், அவரே காடு முழுக்க விசிறினார். விசிறி முடித்தபோது அவர் கையில் எந்தச் சாயம் இருந்தது என்று தெரியவில்லை, முழங்கை வரை வெள்ளை. உழவில் பொடி மண்ணோடு கலந்தது. ஆடி வரைக்கும் காட்டைச் சும்மா விடச் சொன்னார். சல்பேட் மூட்டையைத் தொடக் கூடாது என்றார்.

கார்த்திகையில் காய் பிடுங்கினோம். எல்லாம் திரண்டது என்று சொல்லமாட்டேன், மேட்டு ஓரம் அப்பவும் பொக்குத்தான். ஆனால் முக்கால்வாசிக் காட்டில் காய் கனத்தது. மகன் ஒரு காயைப் பல்லால் கடித்து உடைத்தான். இரண்டு பருப்பு. இன்னொன்று உடைத்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "என்னம்மா பண்ணுனே?" என்றான்.

கொழுந்தனார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். போன வருசம் வெள்ளை அடித்ததைச் சொல்லிச் சிரித்த பக்கத்துக் காட்டுக்காரரும் இருந்தார்.

"ஆட்டுப் பட்டி போட்டேன்" என்றேன்.

அந்த வருசம் எருவுக்காக என் காட்டில் ராத்திரி ஒரு ஆடுகூட அடையவில்லை. அது கொழுந்தனாருக்கும் தெரியும். கையிலிருந்த காயைக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "ஆமா கண்ணு. உங்கம்மா பட்டி போட்டாங்கல்ல" என்றார். சொல்லிவிட்டு மூட்டை பிடிக்கப் போனார். மகன் அதற்குப் பிறகு விற்கிற பேச்சை எடுக்கவில்லை. ஊரில் இன்றைக்கும் என் காட்டைக் காட்டிப் பட்டி போடச் சொல்கிறார்கள்.

அவர் இப்போது நல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனால் முருங்கைக்காய் விலை பேசுவோம், மழை பேசுவோம். அந்தப் பட்டிப் பேச்சு மட்டும் வராது. போன மாசம் காட்டு மண்ணைக் கலக்கித் தெளிய வைத்து ஒரு தாளை முக்கினேன். நிறம் மாறவே இல்லை. மண் நன்றாயிருக்கிறதா, தாள் கெட்டுவிட்டதா என்று தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். "தாளுக்கும் வயசாகுமுங்க நங்கையா. இனி அதை நம்பாதீங்க" என்றார்.

மீதி மூன்றையும் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி எழுதியதில் பத்து நாள் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகன் வருவான். இதை அவன் கையில் கொடுத்து, சித்தப்பா இருக்கிற வீட்டுக்குப் போய் அவர் எதிரில் படிக்கச் சொல்லப் போகிறேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகப் படிக்க வேண்டும்.