காதி என் வலிகாரரான காலை

மலாயாவின் கிள்ளானில் எனக்கு வாயாடி என்று பெயர். அன்று காதி வீட்டுக்குப் போகும்போது மட்டும் வாயைத் திறக்கவே கூடாது என்று மாமி கட்டளை போட்டிருந்தார். எங்கள் நிக்காஹ், தலாக்கையெல்லாம் தீர்க்கிற நீதிபதிதான் காதி. "குனிஞ்ச தலை நிமிராம இரு. குமரி பேசாம இருந்தாலே சம்மதம்னுதான் எழுதுவாங்க" என்றார் மாமி. மாப்பிள்ளை என் மாமாவின் முதலாளி, மண்ணெண்ணெய்க் கடைக்காரர். வாப்பா இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும். நாகூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வேறு. எனக்குப் பதினேழு.

உம்மாவும் வாப்பாவும் போன பிறகு தாய்மாமாதான் சோறு போட்டு வளர்த்தார். அதனால் நிக்காஹில் என்னைக் கொடுப்பதும் தான்தான் என்று நினைத்துவிட்டார். காதியிடம் நாள் குறித்து வாங்கினால் போதும் என்றுதான் எங்களை மாட்டுவண்டியில் ஏற்றினார்.

காதி மலாய்க்காரர். வெற்றிலை மென்றபடி பொறுமையாக விசாரித்தார். தகப்பன் வழியில் எனக்கு யாரும் இல்லை என்று தெரிந்ததும் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். தாய்மாமன் வலிகாரர் ஆக முடியாது, பெண்ணைக் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்றார். கொடுக்க ஆள் இல்லாத பெண்ணுக்குக் காதியே வலிகாரர், கலீபாக்கள் காலத்திலிருந்து அதுதான் வழக்கமாம். பிறகு மாமாவையும் மாமியையும் வாசலில் இருக்கச் சொன்னார். அவருடைய மனைவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடைக்காரரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா?" என்று காதி மலாயில் கேட்டார். நான் பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மையில் தொட்டார். அடி பாவி, இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் எழுதிவிடுவாரே!

"தா மாவ், துவான்" என்றேன். வேண்டாம் என்பதை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. வாசலில் மாமி "யா அல்லாஹ்!" என்றது உள்ளே வரை கேட்டது.

காதி பேனாவை வைத்தார். மாமாவைக் கூப்பிட்டு, "இந்த நிக்காஹ் நடக்காது" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலம் தாண்டும்வரை மாமா மாட்டை விரட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "இதை வீட்டிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? முதலாளி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார்.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீட்டுல யாரு மாமா என்னைக் கேட்டீங்க?"