தகரம் போர்த்திய மேசை

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குக் கொடுத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸின் சமையலறையைக் கட்டியவர் தன் வாழ்நாளில் ஒரு வேளைச் சோறுகூட வடித்திருக்க மாட்டார். இரண்டு செங்கல் உயரத்தில் ஒரு சிமெண்டு மேடை, அதன் மேல் விறகடுப்பு. சமைக்கிறவர் குந்தித்தான் ஆகவேண்டும். பெருமழை பெய்தால் பின்வாசல் சாக்கடை உள்ளே வந்து, அடுப்புச் சாம்பலோடு கலந்து, கரிய கூழாக நிற்கும். அந்தக் கூழைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் மறுநாள் காப்பி.

என் மனைவிக்கு வலது முட்டி மடங்காது. கல்யாணமான மறுவருடம் கிள்ளானில், தாய்வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தவள். அந்தக் காலை நேராக நீட்டிக்கொண்டு தரையில் ஒருக்களித்து உட்கார்ந்துதான் சமைப்பாள். எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் நீட்டிய காலின் பக்கமாகச் சேலைக்கரையில் தீப்பிடித்தது. கையாலேயே அடித்து அணைத்தாள். அன்று மாலை உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சொன்னாள்: "நின்னு சமைக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் கொடுங்க. இல்லன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். சும்மா சொல்லலைங்க."

அவள் எதையும் சும்மா சொல்பவள் அல்ல.

நான் மராமத்து இலாகாவின் பண்டகசாலையில் குமாஸ்தா. வந்திறங்கும் மரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லையென்றால் திருப்பி அனுப்புவது என் வேலை. விதிகள் எனக்கு மனப்பாடம். அரசாங்க வீட்டின் சுவரில் அனுமதியில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஆகவே, இடுப்புயரத்தில் சமையல் மேடை வேண்டி மூன்று பிரதிகளில் மனு எழுதினேன். 'மேற்படி வீட்டில் சமையல் மேடை ஒன்று ஏற்கெனவே உள்ளது. எனவே தேவை எழவில்லை' என்று பதில் வந்தது. டாக்டரின் கடிதத்தை இணைத்து மறுபடி எழுதினேன். மனுதாரரின் மனைவி ஊழியர் அல்லாததால் அவர் முட்டி பரிசீலனைக்கு உரியதன்று என்றார்கள். அதே நடையில் நானும் எத்தனையோ பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். வாங்கிப் படிக்கும்போதுதான் அது எவ்வளவு குமட்டும் என்று தெரிந்தது.

ஆனால் மேசை என்பது தளவாடம். கட்டடத்தில் சேராது, அனுமதியும் வேண்டாம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் மூளையின் மீது பெரிய மதிப்பு ஏற்பட்டது.

கடைத்தெருவின் கோடியில் இருந்த சீனத் தச்சர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, செங்கால் என்ற உள்ளூர் மரத்தில் கனமான பலகை. கறையானே பல் வைக்காது, தண்ணீருக்கும் அசையாது. மற்றது, ஏதோ ஒரு மட்டமான மரத்தில் மேசை செய்து அதன் மேல் துத்தநாகம் பூசிய தகரத்தைப் போர்த்தி ஓரங்களை மடித்து ஆணியடிப்பது. இரண்டாவது பாதி விலை. தகரத்துக்குள் வைக்கப்போகும் மரத்தை நான் தட்டினேன். ஊறிய ரொட்டியைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. பண்டகசாலைக்கு வந்திருந்தால் வண்டியிலிருந்து இறக்கவே விட்டிருக்க மாட்டேன்.

"பலகையே இருக்கட்டுமேங்க," என்றாள் கூட வந்த மனைவி.

"பலகையில கறை பிடிக்கும். தகரத்தைத் துடைச்சா வெள்ளி மாதிரி இருக்கும்," என்றேன். மலிவு என்று சொல்ல வெட்கம்.

மேசை வந்தது. அதன் ஒரு கோடியில் கரியடுப்பை ஏற்றிவைத்து அவள் நின்று சமைத்தாள். அந்த முதல் வாரம் சமையலறையிலிருந்து பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். மேசையைப் பராமரிக்க ஐந்து விதிகள் எழுதி, அட்டையில் ஒட்டிச் சமையலறையில் தொங்கவிட்டேன். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களின் கீழ் எனாமல் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அதில் கொசுப்புழு வராமல் மண்ணெண்ணெய் விடவேண்டும் என்பது முதல் விதி. அது சரியான விதிதான். நாலாவது விதி, வியாழன்தோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தகரத்தைத் தேய்க்க வேண்டும் என்பது. வெள்ளிக்கிழமை விளக்குக்காகப் பித்தளையை அப்படித்தானே தேய்க்கிறோம். பித்தளை பளபளக்கும்போது தகரம் மட்டும் என்ன பாவம் செய்தது என்பது என் விஞ்ஞானம்.

அவள் ஒரு வியாழன் தவறவில்லை. குத்துவிளக்கையும் குடத்தையும் அதன் மேலேயே வைத்துத் தேய்த்து, அந்தப் புளித்தண்ணீரையும் அங்கேயே வழியவிட்டாள். தகரம் முதலில் மங்கியது. பிறகு உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. பிறகு கரும்புள்ளிகள். பிறகு நாற்றம்.

எலி செத்ததோ என்று அலமாரியை நகர்த்தினோம், கூரையைத் தட்டினோம், சாக்கடையில் சுண்ணாம்பு போட்டோம். ரசத்தில் அந்த வாடை, தயிரில் அந்த வாடை, ஆபீசுக்குப் போட்டுப்போன சட்டையிலும் அதே வாடை. பக்கத்து நாற்காலிக்காரர் சன்னலோரம் மாறிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவளிடம், "கழுவுறது சரியில்ல," என்றேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் புளி போட்டுத் தேய்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து அவள் அண்ணன் சாப்பிட வந்தார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கர். வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்.

"என்ன மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள கருவாடு காயப்போட்டிருக்கீங்களா?"

"நான் சரியாக் கழுவலையாம்ண்ணே," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

அவர் நேரே மேசையிடம் போய்க் குனிந்து முகர்ந்தார். தகரத்தின் ஓரத்தில் இரண்டு விரலை விட்டுத் தூக்கினார். ஆணிகள் துருப்பிடித்து இற்றிருந்தன. பாய் சுருட்டுவதுபோல், ஊசித்துளைகளோடு தகரம் மேலே வந்தது.

அடியில் மரம் என்று ஒன்று இல்லை. பழஞ்சோற்றுக் கஞ்சியும் மீன் செதிலும் ரத்தமும் புளிச்சக்கையும் கலந்து ஊறிய கருஞ்சேறு இருந்தது. அதில் புழுக்கள் மெதுவாக நெளிந்துகொண்டிருந்தன. கரப்பான்கள் வெளிச்சத்துக்குப் பயந்து நாலு பக்கமும் ஓடின. ஒன்று சோற்றுப் பானையின் பின்னால் போயிற்று. அத்தனை மாதம் இதன் மேல் அரிந்த வெங்காயத்தைத்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன். கொல்லைக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் அவர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். "நாலாவது விதி யாரு எழுதினது?"

"அவங்கதான்," என்று அவள் என்னைக் காட்டினாள்.

"தகரத்துக்குப் புளியா? எங்க துறைமுகத்துல புளி மூட்டை கசிஞ்சு கொட்டகைத் தகரமே சல்லடையாக் கிடக்கு. சரி மாப்பிள்ளை, இந்த மரம் உங்க பண்டகசாலைக்கு வந்திருந்தா எடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"வீட்டுக்குன்னா போதுமாக்கும். இதுக்கும் மூணு காப்பியில மனு எழுதினீங்களா?"

சாப்பாடு நடக்கவில்லை. அவள் துணிகளை மடித்தாள். மாலை ரயிலுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "சரியாத்தாங்க கழுவினேன். ஒரு மாசம் பார்க்கிறேன். நிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா வரேன்."

மேசையை நானே உடைத்துக் கொல்லையில் எரித்தேன். மூன்று நாள் சோப்புப் போட்டும் கையிலிருந்து வாடை போகவில்லை. உண்மையில் அருவருப்பு கையில் இல்லை. 'கழுவுறது சரியில்ல' என்று சொன்ன வாயில் இருந்தது.

பிறகு, என் உத்தியோக வாழ்வில் முதல் முறையாக, யாருக்கும் மனுப் போடாமல் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். பழைய மேடையின் மேலேயே செங்கல் வைத்து இடுப்புயரத்துக்கு ஏற்றினார். மேல்தளம் சிமெண்டு. இணைப்பே இல்லாமல் ஒரே பரப்பாக, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக, கரண்டியால் கண்ணாடிபோல் இழைத்தார். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடி, காலையும் மாலையும் நானே தண்ணீர் தெளித்தேன். புளி சிமெண்டையும் தின்னும் என்று கொத்தனார் சொன்னார். ஆகவே பித்தளை தேய்க்க வெளியே குழாயடியில், நின்று தேய்க்கும் உயரத்தில், ஒரு செங்கால் பலகை பதித்தேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய அதே பலகை.

கடிதம் போட்டேன். வந்தாள். மேடையைத் தடவிப் பார்த்தாள், கீழே குனிந்தும் பார்த்தாள். என் அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்து அடுப்பு மூட்டினாள்.

வருடாந்தரப் பரிசோதனைக்கு மேற்பார்வையாளர் பட்டியலோடு வந்தார். இடிக்கச் சொன்னால் அவள் மறுபடி தரையில் உட்கார மாட்டாள், கிள்ளானுக்குப் போய்விடுவாள். அவர் சமையலறை வாசலில் நின்றார். என் மனைவி மேடைமுன் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சமையல் மேடை, ஒண்ணு," என்று வாசித்தார். எண்ணினார். "ஒண்ணு." கொஞ்ச நேரம் பட்டியலையே புரட்டினார். அதில் உயரத்துக்குக் கட்டம் இல்லை. குறியிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"போயாச்சா?" என்றாள், திரும்பாமல்.

"போயாச்சு."

"அப்போ வந்து குழம்பைக் கிளறுங்க. நான் புளி கரைக்கணும். பயப்படாதீங்க, குழாயடியிலதான்."