ஸ்டெல்லா அக்கா படித்த பிரசங்கம்

ஸ்டெல்லா அக்கா சிரித்துவிட்டார்!

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கிறது எங்கள் சர்ச். ஸ்டெல்லா அக்கா அதே ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். இளம் வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆனால் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே பிரசங்கம் செய்யும் ஆயரின் உதட்டை யாரால் படிக்க முடியும்? இருந்தாலும் ஞாயிறு தவறாமல் வருவார். பிரசங்கம் முடியும்வரை பைபிளைப் புரட்டிக்கொண்டிருப்பார். சபை சிரித்தால் தானும் ஒரு புன்னகை செய்துவைப்பார்.

எங்கள் ஆயர் இருக்கிறாரே... போனில் புதிதாக எது வந்தாலும் முதலில் கை வைத்துப் பார்க்கிற ஆள். ஏஐ வந்ததிலிருந்து மனிதரைப் பிடிக்கவே முடியவில்லை! ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். "பிரசங்கத்தை அது எழுதக் கூடாதுங்க. அது நான் முழங்கால் போட்டு எழுத வேண்டியது. வேற எதுக்கு ஆகும்னு பாப்போம்" என்பார்.

பார்த்தார். கண்ணில் பட்டவர் ஸ்டெல்லா அக்கா.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் சுவரில் பெரிய டிவி. ஆயர் பேசப் பேச, ஏஐ அதைக் கேட்டுத் தமிழ் எழுத்தாக ஓடவிடுகிறது! வேத வசனங்களை மட்டும் அது தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடக் கூடாது என்று முன்கூட்டியே தன் கையால் டைப் செய்து வைத்திருந்தார் ஆயர்.

பாதிப் பிரசங்கத்தில் அவருடைய ஆஸ்தான ஜோக் வந்தது. "மோட்சத்துக்குப் போற வழியில ரயில்வே கேட் கிடையாதுங்க. 'கேட் போட்டுட்டான், அதான் லேட்டு'ன்னு அங்க போய்ச் சொல்ல முடியாது!" நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சபை சிரித்தது. ஒரு நொடி கழித்து, தனியாக, சத்தமாக... ஸ்டெல்லா அக்கா! எனக்குப் புல்லரித்துவிட்டது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் அக்கா நேராக ஆயரிடம் போனார். "ஏங்கய்யா, இத்தனை வருஷமா எல்லாரும் சிரிச்சது இந்த ஜோக்குக்குத்தானா? நான் என்னமோ பெருசா விட்டுட்டேன்னு ஏங்கிட்டுல்ல இருந்தேன்!"

ஆயர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு இதே பேச்சு. அடுத்த ஞாயிறு வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பிரசங்கத்துக்குப் பிறகு ஜெப விண்ணப்ப நேரம் என்று ஒன்று உண்டு. மனதில் பாரம் உள்ளவர்கள் எழுந்து இரண்டு வரி சொல்வார்கள். மற்றவர்கள் அவர்களுக்காக ஜெபிப்பார்கள். வழக்கமாக அப்போது மைக்கை அணைத்துவிடுவோம். யூடியூப் ஒளிபரப்பையும் நிறுத்திவிடுவோம். புது டிவி வந்த குஷியில் அன்று இரண்டையும் மறந்துபோனோம்.

முன்வரிசையில் குளோரி டீச்சர் எழுந்தார். தணிந்த குரலில், "பொண்ணு புருஷன் வீட்லேர்ந்து வந்துட்டா... மறுபடியும் சேந்து வாழணும். ஜெபம் பண்ணிக்குங்க" என்றார்.

அத்தனையும் கொட்டை எழுத்தில் டிவியில் ஓடியது. கடைசி வரிசைவரை படித்தார்கள். அதே எழுத்து ஒளிபரப்பிலும் ஓட, யூடியூபில் மாப்பிள்ளை வீட்டாரும் படித்தார்கள். மதியமே டீச்சருக்கு போன். "எங்க மானத்தை ஊருக்கே படிக்கப் போட்டுட்டீங்களே!" டீச்சர் எங்கள் யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்குப் போன ஆயரிடம் மட்டும், "கொஞ்ச நாள் ஆகட்டுங்கய்யா" என்றாராம்.

சபைக் கமிட்டி கூடியது. நானும் அதில் உறுப்பினன். ஸ்டெல்லா அக்கா கமிட்டியில் இல்லை. ஆனாலும் ஆயர் அழைத்திருந்தார். அவருக்காக எடுத்த முடிவு, அவர் இல்லாமல் எப்படி?

சரி, நாங்கள் பேசுவது அவருக்குப் புரிய வேண்டாமா? ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசுகிற கமிட்டி எங்களுடையது. வேறு வழி? அதே டிவியைத்தான் போட்டோம்!

ரைஸ் மில் வைத்திருக்கும் எங்கள் செயலாளர் கொதித்துப் போயிருந்தார். "இந்த ஏஐ, கீயெல்லாம் நமக்கு எதுக்கு? மொத்தமா கழட்டிக் கடாசுங்க!" டிவியில் அட்சரம் பிசகாமல் ஓடியது. ஸ்டெல்லா அக்கா படித்தார். திரும்பிச் செயலாளரைப் பார்த்தார்.

"சார், கழட்டச் சொல்றீங்கன்னே இதப் பாத்துத்தான் எனக்குத் தெரியுது."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்காவே தொடர்ந்தார். "பிரசங்கத்துக்கு இருக்கட்டுங்க. அத மட்டும் எடுத்துடாதீங்க. ஜெப விண்ணப்பத்துக்கு அணைச்சிடுங்க. டீச்சரோட பாரத்தை இப்படிப் படிச்சுத் தெரிஞ்சுக்கறதுல எனக்கும் சந்தோஷமில்ல."

ஒருமனதாக நிறைவேறியது. எங்கள் கமிட்டி வரலாற்றிலேயே இது அபூர்வம்!

எந்தப் பேச்சு ஊருக்கு, எந்தப் பேச்சு நாலு பேருக்கு என்று ஏஐக்குத் தெரியாது. கேட்டதையெல்லாம் எழுதும். அதை எப்போது அணைப்பது என்பது நம் பொறுப்பு. நாங்கள் அதைக் குளோரி டீச்சரின் செலவில் கற்றுக்கொண்டோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

போன ஞாயிறு குளோரி டீச்சர் வந்திருந்தார்! கடைசி வரிசையில், முக்காடு போட்டு. பிரசங்கம் முழுக்க டிவி ஓடியது. ஜெப விண்ணப்ப நேரம் வந்ததும் ஆயர் முதல் வேலையாக மைக்கையும் டிவியையும் அணைத்தார். ஒளிபரப்பை நான் நிறுத்தினேன். ஸ்டெல்லா அக்கா பழையபடி பைபிளைக் கையில் எடுத்தார்.

அப்போது குளோரி டீச்சர் எழுந்தார். பேசவில்லை. நடந்து வந்து ஸ்டெல்லா அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே, உதட்டை நிதானமாக அசைத்து, மெதுவாக ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ஜெபிக்க ஆரம்பித்தார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியாதே! "ஆண்டவரே, எங்க குளோரியோட பொண்ணு..." என்று சர்ச் அதிர, கடைசி வரிசைவரை கேட்க, மகளின் பெயர் சொல்லி, மாப்பிள்ளையின் பெயரையும் சொல்லி, அழுதுகொண்டே ஜெபித்தார். எனக்குப் பகீரென்றது. ஆயரும் டீச்சரைத்தான் பார்த்தார்.

டீச்சர் கையை விடவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாக, "ஆமென்" சொன்னவர் அவர்தான்.