பேச்சியம்மாள் திருப்பிக் கேட்ட முகம்

செய்தியை எனக்குச் சொன்னவர் இளையரசனேந்தல் தடத்துப் பேருந்தின் நடத்துநர். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, நாடகத்துல நடிக்கிற பேச்சியம்மா காலைல தவறிட்டாவ. மஞ்சக்காமாலையாம்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு, கண்ணாடிக்காரியா?"

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சாவுச் செய்தி அப்போதுதான் அவர்கள் காதில் விழுந்திருந்தது. மிச்ச டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு எழுந்தேன்.

பேச்சியம்மாளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்துக் கோவில் கொடை விழாக்களில் வருடக்கணக்காக நடித்தவர் அவர். ராணியாக வந்தால் முன்வரிசை நிமிர்ந்து உட்காரும். ராட்சசியாக வந்தால் குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் போய்விடும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஊர் அவருக்கு வைத்த பெயர் கண்ணாடிக்காரி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, நான் பக்கத்தில் இருந்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். குற்றாலத்தில் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்திருந்த சென்னை சினிமாக் கம்பெனி நிர்வாகி ஒருவர், வாசுதேவநல்லூரில் பேச்சியம்மாளின் நாடகத்தைப் பார்த்தார். கதாநாயகனின் அக்காள் வேடத்துக்குப் புதுமுகம் தேடிக்கொண்டிருந்தார்கள். நேரே பார்ப்பதாக ஒரு போட்டோவும் பக்கவாட்டில் ஒன்றும் அனுப்பச் சொன்னார். மேக்கப், நகை எதுவும் கூடாது என்றார். நாடகம் இல்லாத மாதங்களில் பேச்சியம்மாளும் தங்கை வள்ளியும் பருத்தி எடுக்கப் போவார்கள். அந்த வேடம் கிடைத்தால் இரண்டு பேரும் அந்த வெயிலை விட்டு வெளியே வரலாம்.

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்குப் பேச்சியம்மாள் வந்தார். என் பத்திரிகைப் படங்களையும் அங்கேதான் கழுவக் கொடுப்பேன். அன்று பிரிண்டுக்காகக் காத்திருந்தேன். ஸ்டூடியோக்காரரின் பெயரை எழுதி அவருக்கு ஒரு பெயர் வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை. அவர் அன்னப்பறவை வரைந்த திரையை இறக்கினார். பேச்சியம்மாளின் கையில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைத் திணித்தார். பவுடர் டப்பாவை நீட்டினார்.

"இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புத போட்டோவுக்கு அண்ணாச்சி" என்றார் பேச்சியம்மாள். "ஒரு வெள்ளைச் சொவரு இல்லையா உங்க கடையில?"

"சொவத்துக்கு முன்னால உக்காந்தா போலீஸ் ஸ்டேசன் போட்டோ கணக்கா இருக்கும்மா."

"இருக்கட்டும். திருடி வேசத்துக்கும் கூப்பிடட்டும்."

ஸ்டூலை அவரே ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார் ஸ்டூடியோக்காரர். "சிரிக்கிற மாதிரி நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்று பதில் வந்தது. பிறகு லென்சைப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் அப்படியே பொத்தானை அழுத்தினார். என்ன பார்வை அது என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"நாடகத்துக்கு நடுவுல ஒருத்தன் துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிப்பாம்லா, அவன உக்கார வைக்கணும். கத்தக் கூடாது, பாக்கணும். கேமராவ அந்த ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அதன்பின் எத்தனையோ நடிகர்களைப் படம் எடுத்திருக்கிறேன். தன் முகத்தை எப்படிக் கொடுப்பது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை. இடது புருவத்தில் அவருக்கு ஒரு தழும்பு உண்டு. நெகட்டிவில் பென்சில் வைத்து அதை மறைத்துத் தருவதாக ஸ்டூடியோக்காரர் சொன்னார். "அத எடுத்துட்டா அது என் தங்கச்சி போட்டோ. அவளுக்கு நடிக்கத் தெரியாது" என்று தடுத்துவிட்டார்.

போட்டோக்கள் சென்னைக்குப் போயின. ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் குற்றாலத்துக்கு வருகிறோம், இயக்குநரை வந்து பாருங்கள் என்று பதில் வந்தது.

ஆடித்தபசுக் கடைகளில்தான் அந்தக் கண்ணாடிகளைப் பார்த்தேன். சட்டைப்பையில் அடங்கும் வட்டக் கண்ணாடி, தகர விளிம்பு. பின்பக்கம் வழக்கமாக ஒரு சினிமா நடிகையின் படம் இருக்கும். அந்த வருடம் சீப்புக்கும் ரிப்பனுக்கும் நடுவே குவிந்து கிடந்தவற்றின் பின்னால் இருந்தவர் பேச்சியம்மாள். வெள்ளைச் சுவர், இறுக்கிக் கட்டிய முடி, அதே பார்வை. உதட்டுக்கு மட்டும் சிவப்பு மை பூசியிருந்தார்கள். வெளியூர் வியாபாரி ஒருவன் கேட்டதும் ஸ்டூடியோக்காரர் பிரதி போட்டுக் கொடுத்துவிட்டார்.

வாங்காத ஆள் குறைவு. தறிக்காரர், விவசாயம் பார்க்கும் சம்சாரி, ஆபீஸ் உத்தியோகஸ்தர் என்று யாரையும் ஒதுக்கிச் சொல்வதற்கில்லை. சினிமா நடிகை எங்கோ இருப்பவர். இவர் அடுத்த ஊர் மேடையில் நிற்பவர், பருத்திக் காட்டில் குனிந்து நிற்பவர். அதுதான் அவர்களுக்கு ருசி. முடிதிருத்தும் கடையில் ஒருவர் தலையைச் சீவி முடித்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பி, அந்தச் சிவப்பு உதட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பெண் மக்களைக் கட்டிக் கொடுத்தவர். 

குற்றாலத்துக்குப் பேச்சியம்மாள் போன அன்று செய்திக்காக நானும் அங்கே இருந்தேன். நிர்வாகி அவரை உட்காரச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"புதுமுகம் வேணும்னு கேட்டோம்மா. இது திருவிழாக் கடையில விக்கிற முகம். டைரக்டர் பார்த்துட்டு வேண்டாம்னுட்டார்."

"நான் விக்கல சார்."

"யார் வித்தா என்னம்மா? வித்தாச்சு."

பேச்சியம்மாள் நின்றபடியே திரும்பினார். நிர்வாகி அந்தக் கண்ணாடியை எடுத்துத் திரும்பவும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன முகத்தை.

சங்கரன்கோவிலில் பேருந்தை விட்டு இறங்கிய பேச்சியம்மாள் நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். அண்ணாச்சி என்ற சொல் அவர் வாயிலிருந்து போயிருந்தது.

"என் நெகட்டிவக் குடும்."

"நெகட்டிவ் கடைக்குச் சொந்தம். எல்லா ஊர்லயும் அதான் வழக்கம். பிரிண்டு எத்தன வேணும்னாலும் போட்டுத் தாரேன்."

வழக்கம் அதுதான், பொய்யில்லை. கடைக்காரப் பெரியவர்கள் சிலர் பஞ்சாயத்துக்குக் கூடினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருவர், "மேடையில ஆயிரம் பேரு பாக்காம்லா? இதுல என்ன கொறஞ்சு போச்சு ஒனக்கு?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"மேடையில நான் ஏறுதேன், பாக்காவ. எறங்குனா முடிஞ்சு போச்சு" என்றார் பேச்சியம்மாள். "இதுல இருந்து நான் எப்படி எறங்குதது? சொல்லுங்க."

பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைப் பக்கத்து ஆளிடம் நகர்த்தினார்கள்.

நான் செய்தியாக எழுதி அனுப்பினேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நல்ல செய்தி, அந்தப் போட்டோவையும் அனுப்பினால் பெரிதாகப் போடலாம் என்றார்கள். அதை அவரிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் கண்ணாடி விக்கப் போறீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார். செய்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். படம் இல்லாமல் போட அவர்களுக்கும் விருப்பமில்லை.

அடுத்து நடந்ததுதான் ஊர் சிரித்துச் சிரித்துப் பேசியது. வாசுதேவநல்லூர் பேருந்து புறப்படக் காத்திருந்தது. பெண்கள் வரிசையில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல். எங்கிருந்தோ ஒரு வெயில் வட்டம் அவர் கன்னத்தில் விழுந்தது. கண்ணுக்கு ஏறியது, கழுத்துக்கு இறங்கியது, இன்னும் கீழே போனது. பின்வரிசையில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலர். பேச்சியம்மாள் எழுந்து போய் அவர் முன்னால் கையை நீட்டினார்.

"என்னட்டி?"

"என் மூஞ்சி உம்ம கையில இருக்கு. குடும்."

"காசு குடுத்து வாங்குனதுட்டி இது."

"கண்ணாடியத்தான வாங்குனீரு? அதுல உம்ம மூஞ்சி தெரியும். பின்னால இருக்கது என்னுது. குடும்."

பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் கொடுத்துவிட்டார். வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் எழுந்து போகவும் முடியாது. பேச்சியம்மாள் அதைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அன்று தொடங்கியதை அவர் நிறுத்தவில்லை. சந்தையில், கொடைப் பந்தலில், ரயிலடியில், யார் கையில் தன் முகத்தைக் கண்டாலும் போய்க் கையை நீட்டுவார். சிலர் கொடுத்தார்கள். சிலர் ஓடினார்கள். சிலர் இவர் வந்து கேட்பதற்காகவே கடையில் தேடி வாங்கி, எதிரே வந்து ஆட்டிக் காட்டினார்கள். "ஏலே, கண்ணாடிக்காரி வாரா, ஒளிச்சு வையி" என்று கூவுவது ஒரு விளையாட்டானது. பைத்தியம் என்றார்கள். விட்டுத் தொலைத்தால் என்ன என்று அவருடைய நாடகக்காரர்களே கேட்டார்கள். அவர்களுக்கு அவர் சொன்னதை நான் கேட்டேன்: "எடுத்தவனுக்கு அசிங்கமா இல்ல, கேக்கவளுக்கு அசிங்கம்னா, நல்லா இருக்குய்யா உங்க ஊரு."

சாவுச் செய்தி சொன்ன நடத்துநரின் பேருந்திலேயே பேச்சியம்மாளின் ஊரான இளையரசனேந்தலுக்குப் போனேன். தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வைக்க ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள் நாடக சங்கத்தார். வீட்டில் ஒன்றும் இல்லை. "அதுக்குப் பொறவு அக்கா கேமரா முன்னால நிக்கவே இல்ல" என்றார் வள்ளி.

சிறிது நேரத்தில் ஸ்டூடியோக்காரர் வந்து இறங்கினார். கையில் சட்டம் போட்ட பெரிய படம், அதற்கு ஒரு சந்தன மாலை. அதே படம். புருவத்துத் தழும்பைக் காணவில்லை. "நம்ம கடை சார்பா" என்றார். சங்கத்தார் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

வள்ளி எழுந்து வந்து கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, மாலையைக் கழற்றி அவரிடமே கொடுத்தார். சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளை விரலால் நெம்பிப் படத்தை வெளியே எடுத்தார். அதை அக்காளின் நெஞ்சில் குப்புற வைத்துச் சேலையால் மூடினார்.

"வெளக்குக்குப் பக்கத்துல என்ன வைக்க?" என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார்.

"வெளக்கு போதும்." பிறகு ஸ்டூடியோக்காரரைப் பார்த்தார். "நெகட்டிவ் எங்க?"

"அது கடையில எங்கயாவது கெடக்கும். தேடணும்மா."

"தேடும்."

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். கிடைத்தால் சொல்லி அனுப்புகிறேன், வீட்டுக்குப் போங்கள் என்கிறார்.

பேச்சியம்மாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அருவருப்பை. அதை அவர் அழுது கரைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லி யாரையும் நிம்மதியாக அனுப்பி வைக்கவும் இல்லை. சங்கரன்கோவிலுக்குப் போகும் நாட்களில் அந்த ஸ்டூடியோவுக்குள் போய், வாடிக்கையாளர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். கல்யாண ஜோடிகளும் கைக்குழந்தைக்காரர்களும் தலைவாரிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நீங்கள் என்ன போட்டோ எடுக்க வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், கடைக்காரர் காதில் விழும்படி சொல்கிறேன்.

"எடுக்க வரல. எடுத்ததத் திருப்பி வாங்க வந்திருக்கேன்."