மெம்பர்தான் பேசலாம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு மும்பை செம்பூரில், எங்கள் கட்டடத்து ஃபிளாட்காரர்களின் சொசைட்டி கூட்டத்தில் நடந்தது இது. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். வாஷியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் வேலை. எதிரே ஒருவர் நின்றால் நாள் முழுக்க இந்தியில் வாயடிப்பேன். பத்துப் பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் போச்சு. கூட வேலை பார்த்தவளின் பிரிவு உபசார விழாவில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, பதற்றத்தில் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு நானே கேக்கை வெட்டிவிட்டேன். கேக் அவளுடையது. அந்த வெட்கத்தில்தான் மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் ஒரு தமிழ்ப் பேச்சு கிளப்பில் சேர்ந்தேன். டாக்ஸி ஓட்டும் என் கணவர், வீட்டில் பேசுவது போதாதென்று கிளப்புக்கு வேறு போகிறாயா என்று சிரித்தார்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் 'வந்து', 'அதாவது' என்று இழுத்தால், ஒருவர் எவர்சில்வர் டம்ளரில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவார். மும்பைக்காரர்கள் அல்லவா, 'அதாவது' என்பதை இந்தியில் 'மத்லப்' என்றாலும் கொட்டை விழும். வார்த்தை வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்கலாம். அதற்குக் கொட்டை கிடையாது.

பேச்சு என்றாலே செந்தமிழ்தான் என்று நினைத்து, யாரோ மேடையில் முழங்கிய ஒரு வீடியோவைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தமிழ் எழுத்து எனக்குத் தடுமாறும் என்பதால் முழுவதையும் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சான்றோர் பெருமக்களே" என்று எடுத்த எடுப்பிலேயே ஜோர். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். தாளைப் பார்த்தால் நான் எழுதியது எனக்கே புரியவில்லை. அப்புறம் ஒரே மத்லப்தான், டம்ளர் விடாமல் சத்தம் போட்டது. அன்றைக்கு விமர்சனம் சொன்னவர் மொபைல் கடை வைத்திருப்பவர், என்னைவிடச் சின்னவர். குரல் நன்றாக இருக்கிறது, அடுத்த முறை வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள் என்று தன்மையாகச் சொன்னார்.

அடுத்த மாதம் என் கணவருக்கு விபத்தில் கால் முறிந்து பிளேட் வைத்தார்கள். அதே மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது. எங்கள் ஃபிளாட் ஏழாவது மாடி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு நாள் மட்டும் நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மற்றபடி மூன்று மாதமாக ஜன்னல்தான் அவருக்கு உலகம். பம்பாய் முழுக்கச் சுற்றிய மனுஷன் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. சொசைட்டி கமிட்டியில் கேட்டால், ஆகிவிடும், ஆகிவிடும் என்பார்கள்.

கிளப்பில் என் இரண்டாவது பேச்சு இதைப் பற்றித்தான். எங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழில், தாளே இல்லாமல் பேசினேன். இரண்டே கொட்டைதான் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மொபைல் கடைக்காரர் எழுந்தார். "பேச்சு அருமையா இருந்துச்சுக்கா. ஆனா இத கேக்க வேண்டியவங்க ஒருத்தர்கூட இந்த ரூம்ல இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் இப்படியா சொல்வது என்று கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். சயான் தாண்டுவதற்குள் அவர் சொன்னது சரி என்று புரிந்துவிட்டது.

அடுத்த வாரமே சொசைட்டி கூட்டம் வந்தது. கீழே காம்பவுண்டில் நாற்காலி போட்டு, மைக் வைத்திருந்தார்கள். கடைசியில் கையைத் தூக்கி மைக்கை வாங்கினேன். முதல் வாக்கியத்தை முடிக்கவில்லை, சேர்மன் குறுக்கே வந்தார். ஃபிளாட் யார் பேரில் இருக்கிறதோ அந்த மெம்பர்தான் பேசலாம், உங்கள் ஃபிளாட் கணவர் பேரில் இருக்கிறது, அவரை வரச் சொல்லுங்கள் என்றார். விதி அதுதான், அவர் சொன்னதில் தப்பில்லை. பழைய ஆளாக இருந்தால் ஸாரி சொல்லி உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கும் வார்த்தை வரவில்லை. வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். என்ன ஆயிற்று என்று எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் இந்தியில் நிதானமாகச் சொன்னேன்.

"மெம்பர் மூணு மாசமா மேலதான் இருக்காரு. கூப்பிட்டா உடனே வருவாரு. நீங்க லிஃப்ட மட்டும் மேல அனுப்புங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் மராத்திக்காரப் பெண் எழுந்து என்னைக் காட்டி, இவரைப் பேச விடுங்கள் என்றாள். அப்புறம் சேர்மனே உட்கார்ந்து கேட்டார். நாற்காலியில் தூக்கிக்கொண்டு இறங்கிய கதையை ஒன்று விடாமல் சொன்னேன். கூட்டம் கலைவதற்குள் லிஃப்ட் கம்பெனிக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். பத்து நாளில் லிஃப்ட் ஓடியது.

ஓடிய அன்றே என் கணவர் ஊன்றுகோலோடு கீழே வந்தார். நேரே போய்த் தன் டாக்ஸியைத் தடவிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் சொசைட்டி ஆபீசுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ஃபாரம். ஃபிளாட்டில் என் பெயரையும் சேர்ப்பதற்கான ஃபாரம்.

"மேல ஜன்னல்ல இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்," என்றார். "இனிமே எவனும் உன்னய மெம்பரான்னு கேக்கக் கூடாதுல்லா."

அத்தனை பேர் முன்னால் பேசிய நான் ஆபீஸ் வாசலிலேயே அழுதுவிட்டேன். இப்போது நான் எந்தக் கூட்டத்திலும் தயங்காமல் எழுந்து பேசுகிறேன். அந்தத் தைரியத்தில் பாதிதான் கிளப் கொடுத்தது, மீதிப் பாதி நான் பேசவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு மனுஷனிடமிருந்து வந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.